சிட்டையில் ஏறாத கணக்கு: மனச்சோர்வும் மன அழுத்தமும் தரும் மறதியைக் கையாள ஒரு வழிகாட்டி

மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டியில் போனேன். கத்திரிக்காய், முருங்கைக்காய், ஒரு கட்டு கீரை வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை வாசலில் வண்டி இல்லை. திருடு போய்விட்டதென்று அழுதேன். கணவர் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். ஆர்.சி. புக்கை எடுக்க ஹேண்ட்பேக்கைத் துழாவியபோது சாவி கையில் அகப்பட்டது. அதன் வளையத்தில் மார்க்கெட் ஸ்டாண்டு டோக்கன் மடித்துச் செருகியிருந்தது. அதைச் செருகியது என் கைதான். அந்த நினைவு மட்டும் என்னிடம் இல்லை.

அப்பா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை. அதையெல்லாம் துக்கம் என்று எடுத்துக்கொண்டேன். மறதிதான் என்னைப் பயமுறுத்தியது. மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பார்ட்டிகளின் பாக்கியை நோட்டைப் புரட்டாமல் சொல்லிக்கொண்டிருந்தவள், அப்போதுதான் கேட்ட தொகையை மூன்று முறை திருப்பிக் கேட்டேன். மூளை தேய்கிற நோய் வந்துவிட்டது என்றே முடிவு செய்திருந்தேன்.

மனநல மருத்துவர் கேட்டார்: "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"தெரியல டாக்டர்."

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"தெரியல."

"சட்னியா, சாம்பாரா?"

"தக்காளிச் சட்னி. இட்லிக்கு."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். ஒரு துப்பு கொடுத்ததும் விடை வந்தது. என் பயத்தில் பாதி அந்த நாற்காலியிலேயே இறங்கியது. அதன் பிறகு ஒன்றரை வருடத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், தலைக்குள் என்ன நடக்கிறது

எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். கடையில் அன்றாட வரவு செலவு முதலில் சிட்டையில் ஏறும். சிட்டையிலிருந்து பேரேட்டுக்குப் போகும். சிட்டையிலேயே ஏறாத கணக்கைப் பேரேட்டில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது. மனச்சோர்வில் வரும் மறதியில் பெரும்பகுதி இந்த வகை. டோக்கனை வாங்கிய நேரத்தில் என் மனம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவின் கட்டில் பக்கம் நின்றுகொண்டிருந்தது. டோக்கன் பதிவாகவே இல்லை. பதிவாகாததை மறக்கவும் முடியாது.

ஒரே நேரத்தில் மனதில் ஏந்திக்கொள்ளக்கூடியது சுமார் 4 விஷயங்கள்தான் என்று நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001இல் எழுதினார். அதில் இரண்டு இடத்தைக் கவலை பிடித்துக்கொண்டால் மிச்சம் இரண்டு இடத்தில்தான் சமையல், ஆபீஸ், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் நடந்தாக வேண்டும். நீண்ட நாள் அழுத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உயர்ந்தே இருந்தால், புது நினைவுகளை உருவாக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் வேலையும் தடைபடுகிறது. மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கும் 9 அறிகுறிகளில், கவனம் செலுத்தவும் முடிவெடுக்கவும் முடியாமல் போவது ஒன்று. ஆகவே இந்த மறதி உங்கள் சோம்பேறித்தனமோ அக்கறைக் குறைவோ இல்லை. காய்ச்சலில் உடம்பு சுடுவது போல, நோயின் ஒரு பாகம்.

படி 1: வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். எல்லாவற்றையும் டென்ஷன் தலையில் கட்டிவிட்டு, மருந்தால் சரியாகக்கூடிய ஒன்றைக் கோட்டைவிட்டவர்கள் நிறைய.

தைராய்டு, ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் மறதியும் வரும், மனச்சோர்வு போன்ற நிலையும் வரும். சுத்த சைவக்காரர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் எடுப்பவர்கள், தினமும் அசிடிட்டி மாத்திரை போடுபவர்கள் பி12ஐக் கட்டாயம் கேட்க வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்கள் என்று வீட்டில் சொன்னால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் பகலில் மறதியைத் தரும். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்க வேண்டாம்.

வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற பதற்றத்துக்கான மாத்திரைகள், அமிட்ரிப்டிலின், டிரைஹெக்சிபெனிடில், தூக்கம் வரவைக்கும் சில சளி மாத்திரைகள் ஆகியவை நினைவை மங்கவைக்கக்கூடியவை. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அல்பிரசோலம் வகையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார், அல்லது மாற்றித் தருவார்.

பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே சில நிமிடத்தில் மறுபடி கேட்பது, தனக்கு மறதியே இல்லை என்று மறக்கிறவர் சொல்ல, வீட்டார் மட்டும் கவலைப்படுவது எல்லாம் மனச்சோர்வு அல்லாத வேறு நோயைக் காட்டக்கூடியவை. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மறதியோ குழப்பமோ சில மணி நேரத்தில் திடீரென்று வந்தால், முகம் கோணினால், பேச்சு குழறினால், சமீபத்தில் தலையில் அடிபட்டிருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மனச்சோர்வு டிமென்ஷியா மாதிரியே, அதாவது நான் பயந்த அந்த மூளை தேய்கிற நோய் மாதிரியே, தோற்றம் காட்டும் என்பதை லெஸ்லி கைலோ என்ற மனநல மருத்துவர் 1961இலேயே எழுதினார். போலி டிமென்ஷியா என்ற பெயர் அப்படித்தான் பரவியது. பொதுவாக, மனச்சோர்வில் இருப்பவர் தன் மறதியைப் பற்றி ஓயாமல் புலம்புவார், "தெரியல, தெரியல" என்பார், துப்பு கொடுத்தால் பல நேரம் பிடித்துக்கொள்வார். ஆனால் அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாக மனச்சோர்வும் மறதியும் சேர்ந்து வந்தால், மனம் தேறிய பிறகும் வருடா வருடம் நினைவைச் சோதித்துக்கொள்வது நல்லது. சிலருக்கு அது டிமென்ஷியாவின் தொடக்கமாக இருந்துவிடுகிறது.

படி 2: வேருக்கு வைத்தியம் பாருங்கள்

வல்லாரை லேகியம், ஞாபக சக்தி மாத்திரை, செல்போனில் மூளைப் பயிற்சி விளையாட்டு என்று நானும் காசும் நாளும் செலவழித்தேன். விளையாட்டில் மார்க் ஏறியது. பால் பொங்குவது நிற்கவில்லை. மனச்சோர்வு இறங்க இறங்கத்தான் மறதி இறங்கியது.

மருத்துவரிடம் "மனசு சரியில்ல" என்பதோடு நிறுத்தாமல் மறதியையும் உதாரணத்தோடு சொல்லுங்கள். "வண்டியை மறந்து பஸ்ல வந்துட்டேன்" என்ற ஒரு வாக்கியம், "ஞாபக மறதியா இருக்கு" என்று பத்து தடவை சொல்வதைவிட அவருக்கு உதவும். மனச்சோர்வு மாத்திரைகள் சரியாக வேலை செய்ய சில வாரங்கள் எடுக்கும். அதற்குள் கைவிடாதீர்கள்.

மாத்திரையையே மறக்கிறவர்கள் நாம். அட்டையின் பின்பக்க வெள்ளித் தாளில், ஒவ்வொரு குமிழுக்கும் மேலே மார்க்கர் பேனாவால் தேதி எழுதிவிடுவேன். 14 என்று எழுதிய குமிழ் உடைந்திருந்தால் 14ஆம் தேதி மாத்திரை போட்டாயிற்று. போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டாவது மாத்திரையை விழுங்கும் ஆபத்து அத்தோடு போயிற்று.

செலவுக்கு யோசிக்கிறவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவர் உண்டு. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால், மறதியை அப்புறம் பார்க்கலாம். அந்த நிமிடமே அந்த எண்ணுக்கோ அருகில் இருப்பவருக்கோ சொல்லுங்கள்.

படி 3: ஒரே நோட்டு

எனக்கு மிகவும் கைகொடுத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் துண்டுச் சீட்டுகளில் எழுதினேன். காலண்டர் தாள், ரேஷன் பில்லின் பின்பக்கம், உள்ளங்கை. எழுதிய சீட்டு எங்கே என்று தேடுவதே தனி வேலையாயிற்று. பிறகு ஹேண்ட்பேக்கில் நுழைகிற அளவில், கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு வாங்கினேன். பேனாவை நூலால் அதிலேயே கட்டினேன். வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து அது ஒன்றுதான். இரண்டு நோட்டு வைத்தால் எந்த நோட்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டிவரும்.

நாளுக்கு ஒரு பக்கம். மேலே தேதி, கிழமை. இடது பக்கம் செய்ய வேண்டியது, வலது பக்கம் நடந்தது. இடது பக்கத்தில் ஐந்து வரிக்கு மேல் எழுதமாட்டேன். இருபது வரி எழுதிய நாட்களில் ஒன்றுமே செய்யாமல் நோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். வலது பக்கத்தில் கொடுத்தது, வாங்கியது, சொன்னது, வைத்த இடம். "கேஸ் புக் நம்பர் பீரோ மேல் தட்டு." "நாத்தனாரிடம் ஞாயிறு வருவதாகச் சொன்னேன்." முடிந்ததை அடிக்கும்போது, அது இன்னும் வாசிக்கத் தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு.

எழுதுகிற நேரம்தான் முக்கியம். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் போயிற்று. எங்கள் முதலாளி அடிக்கடி சொல்வார்: "காசு கை மாறுறப்பவே சிட்டையில ஏத்திரும்மா, அப்புறம்னு சொன்னா அது அம்புட்டுத்தேன்." எதிரே ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே, "ஒரு நிமிஷம், குறிச்சுக்கிறேன்" என்று சொல்லி எழுதப் பழகினேன். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

காலையில் காபி குடிக்கும்போது ஒருமுறை, மதியம் சாப்பிட்டதும் ஒருமுறை, படுக்கப்போகும்போது ஒருமுறை நோட்டைத் திறக்க வேண்டும். திறக்காத நோட்டால் பயனில்லை. போன் அலாரமும் வைக்கலாம், ஆனால் அலாரத்துக்கு வேலையின் பெயரை வையுங்கள்: "ஃபீஸ் கட்டு, கடைசி நாள்." அடிக்கிற அலாரத்தை அணைத்துவிட்டு அப்புறம் செய்யலாம் என்று எழுந்துவிடுவதுதான் இதில் விழுகிற பள்ளம். வேலையை முடித்த பிறகுதான் அணைப்பது, முடியாவிட்டால் பத்து நிமிடம் தள்ளிவைப்பது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் அனுப்புவதில் தனிக் கவனம் வேண்டும். ஒரே கரண்ட் பில்லுக்கு இரண்டு தரம் பணம் கட்டியிருக்கிறேன். இப்போது கட்டியதும் நோட்டில் எழுதுகிறேன், கட்டுவதற்கு முன் நோட்டைப் பார்க்கிறேன். வீடு, நகை, கடன் மாதிரி பெரிய முடிவுகளை இந்தக் காலத்தில் முடிந்தவரை தள்ளிப்போடுங்கள்.

படி 4: இடமும் வாயும்

சாவிக்கு ஒரு ஆணி, கண்ணாடிக்கு ஒரு டப்பா, போனுக்கு ஒரு மூலை. தினமும் அதே இடம். இதை நினைவில் வைக்கிறது கை, தலைக்கு அதில் வேலையில்லை.

செய்வதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "கேஸை அணைச்சாச்சு." "கதவைப் பூட்டிட்டேன்." மெதுவாகச் சொன்னாலும் போதும். சொல்கிற அந்த நொடியில் கவனம் கைக்கு வந்துவிடுகிறது, கணக்கு சிட்டையில் ஏறிவிடுகிறது. பாதி வழியில் திரும்பி ஓடிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பது எனக்கு இதனால்தான் நின்றது.

புதிய வேலையைப் பழைய பழக்கத்தோடு முடிச்சுப் போடுங்கள். "மாத்திரை போடணும்" என்பது காற்றில் நிற்கும். "பல் தேய்த்ததும் மாத்திரை" என்பது நிற்க இடம் உள்ள வாக்கியம். இன்னது நடந்ததும் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்வது வேலையை நிறைவேற்ற எவ்வளவு உதவுகிறது என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அடுப்பில் பால் இருக்கும்போது மட்டும் சமையலறையை விட்டு வெளியே வராதீர்கள். வந்தே ஆக வேண்டுமென்றால் அடுப்பை அணைத்துவிட்டு வாருங்கள்.

படி 5: படித்ததும் கேட்டதும் மனதில் நிற்க

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஆபீஸ் மீட்டிங்கில் உட்காருபவர்களுக்கும் இது. ஒரு பத்தி படியுங்கள், மூடுங்கள், என்ன படித்தோம் என்று சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, மூடிவைத்து நினைவுபடுத்திப் பார்த்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்பது ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. சொல்ல வரவில்லை என்றால் கோபப்படாமல் திறந்து பாருங்கள். இருபது நிமிடம் போதும், பிறகு எழுந்து தண்ணீர் குடியுங்கள். மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையை நாலு மணி நேரம் நாற்காலியில் கட்டிப்போடுவதால் ஒன்றும் ஏறாது, தன்மேல் வெறுப்புதான் ஏறும்.

படி 6: தூக்கமும் நடையும்

பகலில் பதிந்தவை தூக்கத்தில்தான் உறுதிப்படுகின்றன. தூக்கம் வராத பிரச்சினையை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள், அதற்கென்று பேசியே சரிசெய்யும் மனநல சிகிச்சையும் உண்டு. எழுந்திருக்கிற நேரத்தை மட்டுமாவது தினமும் ஒன்றாக வையுங்கள்.

நடை பற்றி ஒரு ஆய்வு எனக்குத் தெம்பு தந்தது. கிர்க் எரிக்சன் குழு 2011இல் வெளியிட்டது. 55 முதல் 80 வயது வரையான 120 பேரில் ஒரு பகுதியினர் வாரம் 3 நாள், 40 நிமிடம்வரை வேகமாக நடந்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. வெறும் நீட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு அது சுருங்கியது. அவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் இல்லைதான். ஆனாலும் வயதான மூளையே வளர இடம் கொடுக்கிறது என்பது பெரிய விஷயம். நான் 40 நிமிடத்தில் ஆரம்பிக்கவில்லை. தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை போய்த் திரும்பினேன். இரண்டு மாதம் கழித்துத்தான் தெப்பக்குளத்தைச் சுற்ற முடிந்தது.

படி 7: வீட்டிலும் வேலையிலும் சொல்லிவிடுங்கள்

மறதியை மறைப்பதற்கே எவ்வளவு மூளை செலவாகிறது என்பது சொல்லிய பிறகுதான் தெரிந்தது. முழு வரலாற்றையும் சொல்லத் தேவையில்லை. கடையில் கூட வேலை பார்க்கும் பையனிடம் இப்படிச் சொன்னேன்: "தம்பி, எனக்கு உடம்பு சரியில்ல, மாத்திரை எடுக்கிறேன். கொஞ்ச நாளைக்கு எதுன்னாலும் எழுதிக் குடு. ரெண்டாவது தடவ கேட்டா கோவிச்சுக்காத." அவன் "சரிக்கா" என்றான். மறுநாளிலிருந்து லோடு விவரம் சீட்டில் வந்தது.

வீட்டில் இருப்பவர்களுக்கு: "நேத்துத்தானே சொன்னேன்" என்ற வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அது எந்த நினைவையும் மீட்டுத் தராது. "இது ஞாபகம் இருக்கா, அது ஞாபகம் இருக்கா" என்று பரீட்சை வைக்காதீர்கள். துப்பு கொடுங்கள்: "மாமா வந்தப்ப பேசினோமே, மாடி வாடகை விஷயம்." ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். நோட்டில் எழுதச் சொல்லி நினைவூட்டுங்கள், நீங்களே எல்லாவற்றையும் செய்து முடித்துவிடாதீர்கள்.

படி 8: மனம் தேறிய பிறகு

இதைப் பற்றி என்னிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சிரிப்பு திரும்பியது, பசி திரும்பியது, தூக்கம் வந்தது. மறதி மட்டும் அப்படியே இருந்தது. மருந்து வேலை செய்யவில்லையா, இனி இப்படித்தானா என்று மறுபடி பயந்தேன். மனநிலை முதலில் தேறுவதும், கவனமும் வேகமும் பின்தங்கி வருவதும் பலருக்கும் நடப்பதுதான். மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு இன்னும் நீளும். அதனால் தேறியதும் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வேலைச் சுமையைப் பாதியில் ஆரம்பித்துக் கூட்டுங்கள். நன்றாகத் தேறி ஆறு மாதமாகியும் மறதி குறையவே இல்லை, அல்லது கூடுகிறது என்றால் மருத்துவரிடம் நினைவுச் சோதனை கேளுங்கள். தமிழிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன.

தொலைந்த மாதங்கள் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் மகள் சடங்குக்கு நான் போயிருக்கிறேன். ஆல்பத்தில் மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு நொடிகூட நினைவில் இல்லை. அது இனி வராது, ஏனென்றால் அன்றைக்கு அது உள்ளே போகவே இல்லை. கடுமையான மனச்சோர்வுக்கு மின்னதிர்வு சிகிச்சை (ஷாக் ட்ரீட்மெண்ட்) எடுத்தவர்களுக்கும் சிகிச்சைக் காலத்தையொட்டிய சில நினைவுகள் போகலாம். அண்ணியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகக் கதை சொல்லச் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டேன். நினைவாக இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்த கதையாக அது இப்போது இருக்கிறது. அழுகையும் வந்தது, அதற்கும் இடம் கொடுங்கள்.

மனச்சோர்வு பழைய நினைவுகளையும் கலங்கலாக்கும். ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டி ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைச் சொல்லச் சொன்னால், "அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போவார்" என்று பொதுவாகத்தான் வரும், ஒரு நாள், ஒரு கடை என்று வராது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் மார்க் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் இதைக் கண்டு 1986இல் எழுதினார். இதற்குப் பயிற்சி உண்டு. தினம் இரவு ஒரே ஒரு நிகழ்ச்சியை இடம், நேரம், வாசனை, பேச்சோடு எழுதுங்கள். முதல் வாரம் எனக்கு இரண்டு வரி. மூன்றாவது மாதம் ஒரு ராத்திரி, விளக்குத்தூண் பக்கம் அப்பா எனக்கு வெள்ளை ரிப்பன் வாங்கிய சாயங்காலம் வந்தது. கடைக்காரர் ரிப்பனை முழம் போட்டு அளந்தார். அப்பா "இன்னும் ஒரு முழம் சேத்துக் குடுங்க, பிள்ளைக்கு முடி நீளம்" என்றார். அதுவரை அப்பாவை நினைத்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் மட்டுமே வந்துகொண்டிருந்தது.

கடைசியாக, திரும்ப வருவதற்கான எச்சரிக்கை. மனச்சோர்வு சிலருக்கு மறுபடி வரும். எனக்கு மனம் கனப்பதற்கு முன்னால் நோட்டு காட்டிக்கொடுக்கும் என்று கண்டுபிடித்திருக்கிறேன். இடது பக்கத்தில் அதே வேலை மூன்று நாளாக அடிக்கப்படாமல் நகர்ந்துகொண்டே இருக்கும், வலது பக்கம் வெறுமையாகும். உங்களுக்கு என்ன அடையாளம் என்று நன்றாக இருக்கும் நாளில் எழுதிவைத்து, வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். எங்கள் வீட்டு ஏற்பாடு இது: ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் நோட்டைப் புரட்டுவார். வலது பக்கம் தொடர்ந்து மூன்று நாள் காலியாக இருந்தால் என்னிடம் காரணம் கேட்கமாட்டார். திங்கட்கிழமை மருத்துவருக்கு டோக்கன் போட்டுவிடுவார்.